வாய்க்குப் பொறுப்பு யார்?

"அவனவன் வாய்க்கு அவனவன்தான் பொறுப்பு." ஊட்டச்சத்து ஆலோசகராக நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். சர்க்கரை நோய் வந்த கணவரைக் கூட்டிக்கொண்டு வரும் மனைவியும் இதைச் சொல்கிறார். உணவு நிறுவனம் நடத்தும் கருத்தரங்கில் கோட்டு போட்டுக்கொண்டு பேசுகிறவரும் இதையேதான் சொல்கிறார். மனைவி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கோட்டுக்காரர் சொல்வதில் துளிகூட இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முன்பெல்லாம் "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டால், "எல்லாம்தான் சாப்பிடறேன் மேடம்" என்று தலையைச் சொறிவார்கள். அதில் ஒரு நேர்மை இருந்தது. இப்போது வருகிற பதில், "ஹெல்தியாத்தான் சாப்பிடறேன் மேடம், அப்பவும் சுகர் குறைய மாட்டேங்குது." தோண்டித் துருவினால் பட்டியல் வெளியே வரும். காலையில் பாலில் கலக்கிய சத்துமாவு டப்பா. பதினோரு மணிக்கு டைஜஸ்டிவ் பிஸ்கட் நாலு. சாயங்காலம் கேழ்வரகு குக்கீஸ், நாட்டுச்சர்க்கரை டீ. "வெள்ளைச் சர்க்கரைய கையாலகூடத் தொடறதில்ல!" இவர் சோம்பேறி இல்லை. நாக்குக்கு அடிமையும் இல்லை. சாதாரண பிஸ்கட்டைவிட அதிக விலை கொடுத்து, அக்கறையோடு, தவறான பொருளை வாங்கிக்கொண்டிருக்கிறார். அந்த அக்கறையைத்தான் இன்றைய சந்தை காசாக்குகிறது.

கேழ்வரகு பிஸ்கட்டையே எடுத்துக்கொள்வோம். கேழ்வரகு நல்ல தானியம். நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அட்டையின் முன்பக்கம் கேழ்வரகுக் கதிர், மண்பானை, முண்டாசு கட்டிய தாத்தா. பின்பக்கம் திருப்புங்கள். நம் நாட்டுச் சட்டப்படி, சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும். பல பாக்கெட்டுகளில் முதல் பெயர் கோதுமை மாவு, அதாவது மைதா. அடுத்து சர்க்கரை, பாமாயில். தாத்தாவின் கேழ்வரகு அதற்கும் கீழே எங்கோ நிற்கும். இதில் பொய் ஒன்றும் இல்லை. கேழ்வரகு இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நாட்டுச்சர்க்கரைக்காரர்கள் என்மேல் கோபப்படுவார்கள், பரவாயில்லை. வெல்லமும் கருப்பட்டியும் மணம் உள்ளவை, கொஞ்சம் தாது உப்பும் உள்ளவை. ஆனால் அவற்றில் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். ரத்தத்துக்குள் போனபின் அது கரும்பாலையிலிருந்து வந்ததா, பனைமரத்திலிருந்து வந்ததா என்று கணையம் விசாரிப்பதில்லை. சிறுதானியமும் அப்படித்தான். நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. சாமையிலும் ஏறக்குறைய அதேதான். நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் "மில்லட்தானே" என்று ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் அந்த லாபமும் போயிற்று. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தது உழவருக்கும் நிலத்துக்கும் நல்லது. அது சாமை நூடுல்ஸுக்குக் கொடுத்த நற்சான்று அல்ல.

இனி அந்த டப்பா பானங்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டு அம்மாக்களுக்கு விற்கப்பட்டது பானம் அல்ல, பயம். பிள்ளை உயரமாக மாட்டான், கணக்கில் பின்தங்கிவிடுவான் என்ற பயம். 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிகத் துறை அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுத்துவிடும்படி இணைய வணிகத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. காரணம் வேடிக்கையானது: 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒன்று வரையறுக்கப்படவே இல்லை. இல்லாத ஒரு வகையை இத்தனை வருடம் நம் சமையலறை அலமாரியில் ஏற்றி வைத்திருந்தார்கள். பிரிவின் பெயர் மாறியது, சரி. இத்தனை நாள் வயிற்று வலியைப் பொறுத்துக்கொண்டு வேலைக்குப் போய் அந்த டப்பாவை வாங்கிய அம்மாவுக்கு யார் பதில் சொன்னார்கள்?

இப்போது கோட்டுக்காரரிடம் வருவோம். "எல்லாத்தையும் லேபிள்ல போட்டிருக்கோமே, படிச்சுப் பாத்து வாங்க வேண்டியது வாடிக்கையாளர் பொறுப்பு" என்பது அவர் வாதம். எந்த மொழியில் போட்டிருக்கிறீர்கள் ஐயா? விதிப்படி லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். தமிழ் விருப்பம் இருந்தால் சேர்க்கலாம், கட்டாயம் இல்லை. ஆனால் டிவி விளம்பரம் மட்டும் அட்சர சுத்தமான தமிழில் வருகிறது. ஆசையைத் தாய்மொழியில் காட்டிவிட்டு, உண்மையை அந்நிய மொழியில், பொடி எழுத்தில், பாக்கெட்டின் மடிப்புக்குள் வைத்துவிட்டு, "படிக்காதது உன் தப்பு" என்றால் அதற்குப் பெயர் பொறுப்பா?

படித்தாலும் புரிகிறதா? 'ஒரு பரிமாறலுக்கு' என்று போட்டிருப்பார்கள். அவர்கள் கணக்கில் ஒரு பரிமாறல் இரண்டு பிஸ்கட். இரண்டோடு நிறுத்தும் வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. சர்க்கரை என்ற பெயர் இருக்காது, மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கும். அது ரத்தச் சர்க்கரையை குளுக்கோஸுக்குச் சமமான வேகத்தில் ஏற்றும்.

பழியைத் தனிமனிதன் மேல் தள்ளுவது தற்செயலாக வந்த பழக்கமும் அல்ல. 2015-இல் அமெரிக்காவில் வெளிவந்த செய்தியை நினைவுபடுத்துகிறேன். உடல் பருமனுக்கு உணவைவிட உடற்பயிற்சிக் குறைவே முக்கியக் காரணம் என்று பரப்பிவந்த விஞ்ஞானிகள் அமைப்பு ஒன்றுக்குப் பணம் கொடுத்தது கோகோ-கோலா என்பது அம்பலமானது. அந்த ஆண்டு முடிவதற்குள் அமைப்பையே கலைத்துவிட்டார்கள். குடிப்பவன் ஓடவில்லை என்று சொல்வது, விற்பவனை யாரும் கேள்வி கேட்காமலிருக்க.

என்றால் தனிமனிதப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. அதனால்தான் அந்த மனைவிக்குப் பாதி நியாயம் கொடுத்தேன். ஆனால் பொறுப்பு எல்லோருக்கும் ஒரே எடையில் வருவதில்லை. தெரிந்துகொள்ள வழியுள்ளவர்மேல்தான் அது முழுதாக விழும். இந்தக் கட்டுரையை வாசிக்கும் உங்களுக்கு ஆங்கிலம் தெரியும், கையில் போன் இருக்கிறது, மூக்குக் கண்ணாடியும் இருக்கிறது. பங்குச் சந்தைக் கணக்கைப் பார்க்கத் தெரிந்தவருக்கு, நூறு கிராமில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற ஒரு வரியைப் பார்க்கத் தெரியாதா? தெரியும். பார்த்தால் சாப்பிட முடியாது என்பதால் பார்ப்பதில்லை. 'ஹெல்தி' என்ற சொல்லை நீங்கள் வாங்குவது உடம்புக்காக அல்ல, மனசாட்சிக்காக. கோயிலில் பரிகாரம் செய்வதுபோல. அதற்கு நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை.

சித்தாள் வேலைக்குப் போகும் பெண், பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் கையில் கொடுக்க ஐந்து ரூபாய் பாக்கெட் வாங்குகிறாள். அவளிடம் போய்ப் "பொறுப்பா இருந்திருக்கணும்மா" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்காகத்தான் முன்பக்க எச்சரிக்கை வேண்டும் என்கிறேன். சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி அதிகமான பாக்கெட்டுகளின் முன்பக்கம் கறுப்பு எண்கோண முத்திரை விழுகிறது. முத்திரை விழுந்த இனிப்புப் பானங்களின் விற்பனை குறைந்தது. முத்திரைக்குப் பயந்து நிறுவனங்களே சர்க்கரையைக் குறைத்தன. எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் கறுப்பு முத்திரை புரியும்.

நாம் என்ன செய்தோம்? 2022-இல் நட்சத்திர மதிப்பீடு என்று ஒரு வரைவு கொண்டுவந்தோம். சர்க்கரைக்கு மதிப்பெண் குறையும், கொஞ்சம் பருப்பு, நார்ச்சத்து சேர்த்தால் திரும்பக் கூடும். விஷயம் இழுத்துக்கொண்டே போய், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு வைக்க வேண்டியதாயிற்று. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின் மதிப்பீட்டில் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். இவ்வளவு பேருக்கும் ஒரே நேரத்தில் மன உறுதி கெட்டுப்போய்விட்டது என்று நம்பச் சொல்கிறார்களா?

ஆகவே கணக்கு இதுதான். வாசிக்கத் தெரிந்தவர் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். முதல் மூன்று சேர்மானத்தில் சர்க்கரையோ மைதாவோ இருந்தால், முன்பக்கத்தில் எந்தத் தாத்தா நின்றாலும் அது தின்பண்டம்தான். ஆசைக்கு ஒன்று சாப்பிடுங்கள், ஆரோக்கியம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். விற்பவர் முன்பக்கத்தில் தமிழில் சொல்லட்டும், எவ்வளவு சர்க்கரை என்று. அரசு அதைக் கட்டாயமாக்கட்டும். இந்த மூன்றும் நடந்த பிறகு ஒருவர் என் எதிரே உட்கார்ந்து சுகர் குறையவில்லை என்றால், அன்றைக்கு நானே சொல்கிறேன், உங்க வாய்க்கு நீங்கதான் பொறுப்பு என்று.