ஒரே ஓர் எழுத்துதானே... ஸ்கேன் காப்பியில் மாத்திடலாமா?

இந்த வாரம் வந்த கேள்விகளில் இரண்டை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். இரண்டுமே பட்டினப்பாக்கத்திலிருந்து வந்தவை.

முதல் கேள்வி, ஒரு பேரன் அனுப்பியது: ``தாத்தா, பாட்டியோட 1969-ம் வருஷ கல்யாணப் பத்திரிகையை ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கேன். பாட்டி பேர்ல `லை' வர வேண்டிய இடத்துல `ல'ன்னு பிரின்ட் ஆகியிருக்கு. சரிபண்ணி ஃப்ரேம் போடணும். அந்த இடத்துல கலர் அடிச்சு, மேல டைப் பண்ணினா பிளாஸ்திரி ஒட்டின மாதிரி தெரியுது. என்ன பண்றது?''

இரண்டாவது, சீனிவாசபுரத்திலிருந்து ஒரு தங்கை: ``என் பர்த் சர்ட்டிஃபிகேட்ல அப்பா பேர் தப்பா இருக்கு. மத்த எல்லாத்துலயும் சரியா இருக்கு. காலேஜுக்கு அப்லோடு பண்ணணும். ஜெராக்ஸ் கடை அண்ணன், பேக்ரவுண்டு கலர் மேட்ச் பண்ணி மாத்தித் தர்றேங்கிறார். பண்ணிக்கலாமா?''

செய்முறை என்று பார்த்தால் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால், பேரனுக்கு என் பதில் `தாராளமா', தங்கைக்கு `வேண்டவே வேண்டாம்'.

பேரன் கதையை முதலில் முடித்துவிடுவோம். பிளாஸ்திரி மாதிரி ஏன் தெரிகிறது? நம் கண்ணுக்குப் பழைய பேப்பர் ஒரே பழுப்பு நிறம். ஸ்கேனருக்கு அப்படி இல்லை. ஐட்ராப்பரை வைத்து நான்கு இடத்தில் தொட்டுப்பாருங்கள். சிவப்பு, பச்சை, நீல எண்கள் நான்கு இடத்திலும் நான்கு விதமாக வரும். மடிப்பு விழுந்த இடம் இருட்டாக இருக்கும், ஓரம் இன்னும் மஞ்சளாக இருக்கும், பேப்பரின் நார்கூட புள்ளி புள்ளியாகப் பதிந்திருக்கும். போதாக்குறைக்கு, ஜேபெக் ஃபைல் படத்தை 8-க்கு 8 பிக்ஸல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. அதனால் எழுத்தைச் சுற்றி லேசான அழுக்கு மாதிரி ஒரு படலம் இருக்கும். இவ்வளவுக்கும் நடுவில் ஒரே ஒரு நிறத்தை எடுத்து அப்பினால், அந்த இடம் மட்டும் துடைத்துவைத்த மாதிரி தனியாகப் பளிச்சிடும்.

அதனால், கலர் அடிக்காதீர்கள். பக்கத்துப் பேப்பரைக் கடன் வாங்குங்கள். க்ளோன் ஸ்டாம்ப் என்ற கருவி அதற்குத்தான். அழிக்க வேண்டிய எழுத்துக்குப் பக்கத்திலேயே, அதே வரி உயரத்தில் இருக்கும் வெற்றுப் பேப்பரை எடுத்து எழுத்தின் மேல் வைக்கும். போனில் ஸ்நாப்சீடில் இருக்கும் ஹீலிங்கும் கிட்டத்தட்ட இந்த வேலையைச் செய்யும். கம்ப்யூட்டர் இருந்தால் ஜிம்ப் இலவசம். பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபீயும் இலவசம். அதற்கு முன்னால், ஸ்கேன் ஆப்பில் `என்ஹான்ஸ்', `பிளாக் அண்ட் ஒயிட்' எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கலரில் 300 டிபிஐ-யில் இன்னொரு முறை ஸ்கேன் எடுங்கள். ஒரிஜினல் ஃபைலைத் தனியாக வைத்துவிட்டு காப்பியில் கை வையுங்கள்.

அடுத்து எழுத்து. இங்கேதான் சுவாரஸ்யமே. கீபோர்டில் `லை' அடித்தால் அந்தப் பத்திரிகையில் ஒட்டாது. கறுப்பு நிறம் மட்டும் அதற்குக் காரணமில்லை. 1969-ல் `லை' என்பதையே வேறு மாதிரிதான் அச்சிட்டார்கள். இப்போது எழுத்துக்கு முன்னால் தனியாக நிற்கிற குறி அப்போது இல்லை. எழுத்தோடு சேர்ந்து, யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். ணை, ளை, னை, ணா, றா, னா என இன்னும் சில எழுத்துகளும் அப்படித்தான். பெரியார் தன் பத்திரிகைகளில் 1930-களிலேயே புது வடிவத்துக்கு மாறிவிட்டார். எம்.ஜி.ஆர் ஆட்சியில் 1978-ல் அரசாணை வந்த பிறகுதான் பாடப்புத்தகம், அரசு அச்சு என எல்லா இடத்துக்கும் அது பரவியது. தாத்தா வீட்டுப் பழைய நாவல்களைப் புரட்டினால் தும்பிக்கைகளைப் பார்க்கலாம்.

அப்போ பழைய `லை'க்கு எங்கே போவது? அதே பத்திரிகையில் முகூர்த்த நேரத்தைப் பாருங்கள். `காலை' என்று இருக்குமே! அந்த `லை'யை வெட்டி எடுத்து பாட்டி பேரில் வையுங்கள். அதே ஈய எழுத்து, அதே மை, அதே பேப்பர். அளவு மட்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். `ல'வைவிட `லை' அகலம் என்பதால் பின்னால் வரும் எழுத்துகளை ஒரு நூல் நகர்த்த வேண்டியிருக்கும். ஓரங்களை லேசாக ஃபெதர் செய்தால் வெட்டு தெரியாது. பாட்டிக்கு ஃப்ரேம் ரெடி!

இப்போது அந்த `லை'யை இன்னொரு கோணத்தில் பாருங்கள். 1965-ல் கொடுத்ததாகச் சொல்லி ஒருவர் அச்சிட்ட அரசு சர்ட்டிஃபிகேட் ஒன்றைக் கொண்டுவருகிறார். அதில் இன்றைய `லை' இருந்தால்? பேக்ரவுண்டு கலர் எவ்வளவு கச்சிதமாக மேட்ச் ஆகியிருந்தாலும், பார்ப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இப்படி ஓர் எழுத்துரு ஒரு நாட்டின் அரசியலையே உலுக்கியது உண்டு. பாகிஸ்தானில் 2017-ல் நவாஸ் ஷெரீஃப் குடும்பச் சொத்து விசாரணையின்போது, அவர் மகள் மரியம் தரப்பிலிருந்து 2006 தேதியிட்ட ஓர் ஆவணம் தாக்கலானது. அதில் இருந்தது காலிப்ரி எழுத்துரு. அது பொதுமக்கள் கைக்குப் பரவலாக வந்ததே 2007-ல், விண்டோஸ் விஸ்டாவோடும் ஆபீஸ் 2007-ஓடும்தான் என்று லண்டன் தடயவியல் நிபுணர் சொன்னார். அதற்கு முன்பே சோதனைப் பதிப்புகளில் காலிப்ரி இருந்தது என்ற எதிர்வாதமும் எழுந்தது. 2018-ல் மரியமுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2022-ல் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. தீர்ப்பு எப்படிப் போனாலும், ஒரு ஃபான்ட் தன் பிறந்த தேதியைச் சுமந்துகொண்டேதான் திரிகிறது.

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் இது அன்றாட வேலை. ஏதாவது ஒரு சேனலின் நியூஸ் கார்டில் வாசகத்தை மட்டும் அழித்து, தலைவர்கள் சொல்லாததைச் சொன்னதாக எழுதி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது ஃபான்ட், அடுத்து வரிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி. பிறகு, அந்த சேனலின் சொந்தப் பக்கத்தில் அந்த கார்டு இருக்கிறதா என்று தேடுவோம். பாதி அங்கேயே அடிபட்டுவிடும்.

சரி, தங்கை விஷயத்துக்கு வருவோம். ``என் அப்பா பேரைத்தானே சரியா மாத்தறேன், யாரை ஏமாத்தறேன்?'' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. உண்மையும்கூட. ஆனால், அப்லோடு ஆகும் அந்தப் படம் `மாநகராட்சி இப்படி எழுதிக்கொடுத்தது' என்று சொல்கிறது. மாநகராட்சி அப்படி எழுதவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவில் பொய் ஆவணம் என்பதில் மின்னணுப் பதிவும் அடக்கம். போலி ஆவணம் உருவாக்கினால் 336-வது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. பிறப்புப் பதிவேடு, ஆதார், வாக்காளர் அட்டை போன்றவற்றில் கைவைத்தால் 337-வது பிரிவு, ஏழு ஆண்டு வரை. போலி என்று தெரிந்தே அதை நிஜம்போல் பயன்படுத்துவதும் குற்றம்தான். மாத்திக்கொடுக்கும் ஜெராக்ஸ் கடை அண்ணனும் இதில் மாட்டுவார். அவரிடமும் சொல்லிவிடுங்கள், பாவம்.

சட்டத்தை விடுங்கள், நடைமுறையிலேயே அது நிற்காது. இப்போது வரும் சான்றிதழ்களில் க்யூ.ஆர் கோடு இருக்கிறது. மேலே இருக்கும் எழுத்தை எப்படி மாற்றினாலும், கோடை ஸ்கேன் செய்தால் பதிவேட்டில் இருக்கும் பழைய பெயர்தான் வரும். இ-சேவை வழியாக வாங்கும் சான்றிதழ்களையும் எண்ணைப் போட்டு ஆன்லைனில் சரிபார்க்க முடியும். சீட் கிடைத்துச் சேர்ந்த பிறகு, ஒரிஜினல் கேட்கும் நாளில் மாட்டினால் சீட்டும் போய், வழக்கும் வரும்.

நேர் வழி ஒன்று இருக்கிறது, அது அவ்வளவு பயங்கரமும் இல்லை. 1969-ம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-வது பிரிவு தவறைத் திருத்தும் அதிகாரத்தைப் பதிவாளருக்கே கொடுத்திருக்கிறது. (பாட்டி கல்யாணத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் ஒரே வயசு!) திருத்தும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய பதிவை அழிக்கக் கூடாது, அதன்மேல் எழுதவும் கூடாது. ஓரத்தில் திருத்தத்தை எழுதி, பதிவாளர் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். என்ன தவறு இருந்தது, யார், எப்போது திருத்தினார் என்பது எல்லாருக்கும் தெரியும்படி அப்படியே இருக்கும். பேக்ரவுண்டு கலர் மேட்ச் செய்வதற்கு நேர் எதிர்.

ஆகவே தங்கை, மாநகராட்சியின் உங்கள் மண்டல அலுவலகத்தில் பிறப்பு, இறப்புப் பிரிவுக்குப் போங்கள். அப்பாவின் ஆதார், உங்கள் பள்ளிச் சான்று, அம்மா - அப்பா திருமணப் பதிவு இருந்தால் அது என, சரியான பெயர் உள்ள எல்லாவற்றையும் ஒரிஜினலோடு எடுத்துப்போங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். அதற்குள் காலேஜ் கடைசித் தேதி வந்துவிட்டால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி அஃபிடவிட் எடுத்து, ஒப்புகைச் சீட்டோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்று அட்மிஷன் ஆபீஸில் கேளுங்கள்.

தவறு மார்க்‌ஷீட்டில் இருந்தால் பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும். பெயரையே மாற்றிக்கொண்டவர்களுக்கு அரசிதழ். அண்ணா சாலையில் இருக்கும் எழுதுபொருள் அச்சுத் துறை அலுவலகம் அதற்கான இடம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறைதான். அவசரப்பட்டு ஆதாரை முதலில் மாற்றாமல், பிறப்புச் சான்றைச் சரிசெய்துவிட்டு அதைப் பார்த்து மற்றவற்றை மாற்றுங்கள்.

ஸ்கேன் செய்த சான்றிதழில் எதுவுமே செய்யக் கூடாதா? செய்யலாம். கோணலை நேராக்கலாம், ஓரத்தை வெட்டலாம், வெளிச்சம் கூட்டலாம், வெப்சைட் கேட்கும் கே.பி அளவுக்குச் சுருக்கலாம். ஓர் எழுத்தோ எண்ணோ மாறக் கூடாது, அவ்வளவுதான்.

பட்டினப்பாக்கம் மாதிரி கடலோரத்தில் இன்னொரு சந்தேகமும் வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நனைந்த காகிதங்களை இன்னும் பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கும். மை கரைந்து, பாதி எழுத்து தெரியாது. அதை ஸ்கேன் செய்து கான்ட்ராஸ்ட் கூட்டிப் படித்துப்பார்ப்பது நல்ல விஷயம். பதிவு எண், தேதி ஏதாவது தெரிந்தால் நகல் வாங்குவது சுலபம். ஆனால், தெரியாத எழுத்தின்மேல் நீங்களே புதிதாக எழுதிவிடாதீர்கள். பிறப்புச் சான்று என்றால் மாநகராட்சியிலும், வீட்டு ஒதுக்கீட்டு ஆணை என்றால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திலும் அந்த எண்ணைச் சொல்லி நகல் கேளுங்கள். நனைந்த ஒரிஜினலையும் தூக்கிப் போடாமல் கூடவே எடுத்துப்போங்கள்.