நடுச்சாமத்தில் எரியும் மணிக்கூடு

மட்டக்களப்பு காந்தி பூங்காவில் விடியப்புறம் நடக்க வருகிறவர்களின் கைகளைப் பாருங்கள். இளம் பொடியன்கள் மட்டுமல்ல, பென்ஷன் எடுத்தவர்களும் அடி எண்ணுகிற மணிக்கூடு கட்டியிருக்கிறார்கள். பின்னேரத்தில் கல்லடிப் பழைய பாலத்தில் காற்று வாங்க வருகிறவர்களிடமும் இதைக் காணலாம். சீனி வருத்தம், பிரஷர் என்று கிளினிக்குக்குப் போனால் "ஒவ்வொரு நாளும் நடங்க" என்கிறார் டொக்டர். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை அதைக் கேள்விப்பட்டதும் அடுத்த பார்சலில் மணிக்கூட்டைப் போட்டு அனுப்பிவிடுகிறது. சனம் நடக்கிறது, அது சந்தோசம். இந்த வாரம் நான் எழுத வந்தது அதே மணிக்கூடு இரவில் செய்கிற வேலையைப் பற்றி.

படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட, என் பெரியம்மா இருக்கிறார். எழுபது வயது தாண்டிவிட்டது. மகன் கனடாவிலிருந்து அனுப்பிய மணிக்கூட்டைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார். நித்திரையையும் அது அளக்கும் என்று மகன் சொல்லியிருக்கிறான். போன மாதம் ஒரு விசேசத்துக்குப் போய் அங்கே தங்கினேன். படுக்கப் போகும்போது எல்லா லைட்டையும் நிற்பாட்டிவிடுவது அந்த வீட்டுப் பழக்கம். நல்ல இருட்டு. நடுச்சாமத்தில் பெரியம்மா புரண்டு படுத்தார். உடனே அவருடைய நுளம்பு வலை முழுவதும் வெளுத்தது. வெளிச்சம் வலையின் நூல்களில் பட்டுப் பரவி, உள்ளே தலையணை, மடித்து வைத்த சீலை, அவருடைய முகச் சுருக்கம் எல்லாம் தெரிந்தது. ஐந்தாறு செக்கனில் அணைந்துவிட்டது. அதற்குள் அவர் எழும்பிக் குந்தியிருந்தார். "ஆர் அது?" என்று கேட்டார். கேட்டது என்னை அல்ல, வாசலை.

"ஒண்டும் இல்ல பெரியம்மா, உங்கட மணிக்கூடுதான்."

"தெரியும் மனே. தெரிஞ்சாலும் நெஞ்சு கேக்குதில்லயே."

அவர் ஏன் வாசலைப் பார்த்தார் என்பதை எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில், படுகொலைகள் நடந்த 1987 ஜனவரி என்றாலும் 1991 ஜூன் என்றாலும் போதும், மிச்சத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். இரவில் முகத்தில் விழுகிற வெளிச்சம் அந்தத் தலைமுறைக்குச் சுற்றிவளைப்பின் டோர்ச் வெளிச்சம். விளக்கை ஊதி அணைத்துவிட்டு, குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த இரவுகள் அவை. சண்டை முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த உடம்புகள் வெளிச்சத்தை அப்படித்தான் வாசிக்கின்றன. மணிக்கூட்டை வடிவமைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இதைச் சின்ன விசயம் என்று விட எனக்கு மனம் வரவில்லை.

சரி, நித்திரை கொள்கிறவரின் கையில் அது ஏன் எரிகிறது? உள்ளே அசைவை உணர்கிற மிகச் சிறிய சில்லு ஒன்று இருக்கிறது. கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்பது அதற்குத் தெரியும். பகலில் நேரம் பார்க்கக் கையைத் தூக்கி முகத்துக்கு நேரே திருப்புகிறோம் அல்லவா, அந்த அசைவைக் கண்டால் திரையை எரியவிடு என்று கட்டளை எழுதி வைத்திருக்கிறார்கள். நித்திரையில் புரண்டு கையை நெஞ்சின் மேல் வைத்தாலும், தலைக்குக் கீழே கொடுத்தாலும், மணிக்கூட்டுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட அதே அசைவுதான். கண் மூடியிருப்பதை அது அறியாது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மட்டக்களப்பில் யார் புரளாமல் படுக்கிறார்கள்? வெக்கையில் வேர்வை வேறு. தொடுதிரைக்கு ஈரமும் விரல் போலத்தான். வேர்வைத் துளியோ நனைந்த சட்டைக் கையோ பட்டாலும் சில மணிக்கூடுகள் விழித்துக்கொள்ளும்.

அடிப்பக்கத்தில் இன்னொரு வெளிச்சம் இருக்கிறது. இருட்டில் மணிக்கூட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தால் தோலுக்கு மேல் பச்சை நிறத்தில் துடிதுடித்துக்கொண்டிருக்கும். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். நாடி அடிக்கும்போது மணிக்கட்டில் இரத்தம் கூடும், திரும்பி வருகிற ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நெஞ்சுத் துடிப்பைச் சொல்கிறது. இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கிற மணிக்கூடுகள் இரவில் சிவப்பு வெளிச்சமும் அடிக்கும். பட்டி தளர்ந்திருந்தால் இவை பக்கவாட்டில் கசியும். மெலிந்த கை உள்ள வயதானவர்களுக்குப் பட்டி எப்போதும் தளர்வாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஊருக்கென்று ஒரு காரணமும் உண்டு. கோடை காலத்தில் இங்கே இரவு இரண்டு மணி என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் பின்னேரம் நாலரை, லண்டனில் இரவு ஒன்பதரை. ரொறன்ரோவில் வேலை முடிந்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு வந்து, ஆறுதலாக ஃபோனை எடுக்கிற நேரம். பேரப்பிள்ளை பல்லு விழுந்த வாயோடு சிரிக்கிற படம் குடும்ப வட்ஸ்அப் குழுவில் விழும். கட்டாரில் இருக்கிற மச்சான் ஒரு இதயம் போடுவார். சிட்னியில் விடிந்துவிட்டது, அங்கிருந்து சித்தி "குட் மோர்னிங்" பூப்படம் அனுப்புவார். ஒவ்வொன்றுக்கும் படுவான்கரையில் ஒரு மணிக்கூடு அதிர்ந்து எரியும். எல்லாம் அன்பில் செய்வதுதான். அந்த அன்பு நாலு நேர வலயத்தைத் தாண்டி வந்து ஒரு கிழவியின் நித்திரையில் விழுகிறது.

இந்த வெளிச்சத்தால் உடம்புக்கு எவ்வளவு கெடுதல்? இதில் பயம் காட்டி எழுதுகிறவர்கள் அதிகம், அளந்து சொல்ல வேண்டும். கண்ணின் விழித்திரையில் பார்வைக்கென்று அல்லாமல், முக்கியமாக இரவா பகலா என்பதை மூளைக்குச் சொல்கிற கலங்கள் இருப்பதை டேவிட் பேர்சனும் அவருடைய குழுவினரும் 2002இல் காட்டினார்கள். நீல ஒளிக்கு அவை கூடுதலாக விழிக்கும். பகல் என்ற செய்தி போனால், நித்திரைக்கு உதவுகிற மெலற்றோனின் என்ற ஓமோன் சுரப்பது குறையும். ஆனால் ஐந்து செக்கன் எரிந்து அணைகிற திரை மெலற்றோனினைப் பெரிதாகக் கெடுக்கும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரேர்ன் பல்கலைக்கழகத்தில் 20 பேரை வைத்துச் செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், 100 லக்ஸ் வெளிச்சத்தில் ஒரே ஒரு இரவு நித்திரை கொண்டவர்களுக்கும் இரவில் நெஞ்சுத் துடிப்பு கூடியது, அடுத்த நாள் காலை இன்சுலின் வேலை செய்வது மந்தமானது. அது இரவு முழுக்க அறையில் லைட் எரிந்த கணக்கு. மணிக்கூட்டின் கணக்கு அல்ல. இருந்தாலும் சீனி வருத்தக்காரர் நிறைந்த எங்கள் ஊரில், வீட்டு வாசல் லைட்டை யன்னலுக்கு நேரே எரியவிட்டுப் படுக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மணிக்கூடு செய்கிற கெடுதல் வேறு வகை. முழு நிலவின் வெளிச்சம் ஏறக்குறைய கால் லக்ஸ்தான். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் எரிகிற திரை அதைவிடப் பல மடங்கு. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது போதும், எழுப்பிவிடும். எழும்பினவர் நேரம் பார்ப்பார். ஒன்று ஐம்பது. இன்னும் எவ்வளவு நேரம் படுக்கலாம் என்று கணக்குப் போடுவார். யார் என்ன அனுப்பியது என்று ஃபோனைத் தேடுவார். ஐந்து செக்கன் ஒரு மணித்தியாலம் ஆவது இப்படித்தான். பெரியம்மா அன்று திரும்பப் படுக்கவில்லை. அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு விடியும்வரை இருந்தார். காலையில் மணிக்கூடு "உங்கள் நித்திரை போதாது" என்ற கருத்தில் ஒரு புள்ளியைக் காட்டியது. அவரைக் குழப்பியதும் அதே மணிக்கூடு, குறை சொன்னதும் அதே மணிக்கூடு. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

அந்தப் புள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நித்திரையின் நிலைகளைச் சரியாக அளப்பதென்றால் தலையில் மின்வாய்கள் ஒட்டி மூளையின் அலைகளைப் பார்க்க வேண்டும். மணிக்கூடு செய்வது கையசைவையும் நெஞ்சுத் துடிப்பையும் வைத்து ஊகிப்பது. எவ்வளவு நேரம் படுத்தோம் என்பதை ஓரளவு சொல்லும். ஆழ்ந்த நித்திரை இத்தனை நிமிடம் என்று அது காட்டுவதை வேதவாக்காக எடுக்கக் கூடாது. 2017இல் கெல்லி பரோனும் சக ஆய்வாளர்களும் இப்படி மணிக்கூட்டின் நித்திரைக் கணக்கில் ஊறிப்போன மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் ஒருவர் ஆய்வுகூடத்தில் நன்றாக உறங்கியதாகப் பரிசோதனை காட்டியது. அவரோ மணிக்கூடு சொன்னதைத்தான் நம்பினார். பத்தாயிரம் அடி என்று எல்லோரும் துரத்துகிற இலக்கமும் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணியோடு பரவியதே தவிர, மருத்துவம் முதலில் வகுத்த அளவு அல்ல. இலக்கம் உதவிக்கு வந்தது, அதிகாரம் செய்ய விடக் கூடாது.

நடுச்சாமத்தில் எழும்புவது எங்கள் ஊரில் புதிய விசயம் அல்ல. 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிற மட்டக்களப்பு வாவியில் இருட்டுக் காலம் வந்தால் இறாலுக்குத் தோணி போகும். லாம்பைத் தோணியின் முனையில் வைத்து, வெளிச்சத்துக்கு வருகிற இறாலை அள்ளுவார்கள். நிலவு காலத்தில் எழும்புவதற்கு வேறு காரணம். கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியை அசையாமல் நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணிக்குள் விட்டு, மறு முனையைக் காதில் வைத்தால் வாவியின் பாட்டுக் கேட்கும். 1848இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ற் அதைக் கேட்டு, 1859இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதினார். மீனவர்கள் அது ஊரியின் சத்தம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சுவாமி விபுலாநந்தரின் யாழ்நூலில் நீரரமகளிர் வருவதும் இந்த வாவியை வைத்துத்தான். 1950களில் இயேசு சபைக் குருவானவர் லாங் அந்த ஓசையை ஒலிப்பதிவு செய்தார், இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. இறாலுக்காக எழும்பினவர் பகலில் நித்திரை கொண்டு ஈடுசெய்வார். பாட்டுக் கேட்க எழும்பினவர் அதை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். போதனா வைத்தியசாலையில் இரவு டியூட்டி பார்க்கிற தாதி யாரோ ஒருவருடைய உயிருக்காக விழித்திருக்கிறார். புரண்டு படுத்ததற்காக ஒருவர் எழும்ப வேண்டியிருப்பது மட்டும் வீண்.

பெரியம்மாவின் மணிக்கூட்டை அன்று காலையே சரிசெய்தேன். மெனு முழுக்க ஆங்கிலம், எழுத்தோ எறும்பு அளவு. கையைத் தூக்கினால் திரை எரியும் என்ற வசதிக்கு நேர அட்டவணை போட முடிந்தது: காலை ஐந்து முதல் இரவு எட்டரை வரை மட்டும். நித்திரை நேரத்துக்கென்று இருந்த நிலையைப் போட்டதும் அறிவித்தல்களும் நின்றன, திரையின் பிரகாசமும் குறைந்தது. ஒட்சிசன் அளவையை நிறுத்தினேன்; அவருடைய டொக்டர் அதைக் கேட்டதில்லை. பட்டியில் புதிதாக ஒரு துளை போட்டுக் கொஞ்சம் இறுக்கினோம். அளக்கிறது அளந்துகொண்டே இருக்கிறது, எரிவது இல்லை. "இப்ப ஒள்ளுப்பம் நல்லாப் படுக்கிறன்" என்று போன கிழமை சொன்னார்.

இந்த நிலைகளெல்லாம் மணிக்கூட்டுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. யாரும் தேடிப் போகாத இடத்தில் ஒளிந்திருக்கின்றன, அதுதான் என் குறை. நித்திரையை அளக்கும் என்று பெட்டியில் அச்சடித்து விற்கிற பொருள், கட்டினவர் நித்திரைக்குப் போனதை அறிந்தவுடன் தானாகவே திரையை அணைத்து வைக்க வேண்டும். வேண்டியவர் எரியவிட்டுக்கொள்ளட்டும். இப்போது பல மணிக்கூடுகளில் இது தலைகீழாக இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கிற தம்பி, தங்கச்சிமாரிடம் ஒரு வேண்டுகோள். அம்மா அப்பாவுக்கு மணிக்கூடு அனுப்பினால் அதோடு விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை வீடியோவில் கதைக்கும்போது பக்கத்தில் இருக்கிற பேரப்பிள்ளையையோ அயல்வீட்டுப் பொடியனையோ கூப்பிட்டு, அந்த மெனுவை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லி இரவுக்கு அணைத்துக் கொடுங்கள். குடும்பக் குழுவின் செய்தி மணிக்கூட்டுக்குப் போகாமல் நிறுத்துங்கள். உங்கள் இலக்கத்தின் அழைப்பை மட்டும் விலக்காக வைத்துவிட்டால் அவசரத்துக்கு ஃபோன் அடிக்கும். அதிகம் போனால் கால் மணித்தியால வேலை.