கிராஃபிக்ஸ் கார்டு: காத்திருப்பதா, தவிர்ப்பதா?

புதிய கிராஃபிக்ஸ் கார்டுகள் வரட்டும், பழையவற்றின் விலை இறங்கட்டும் என்று காத்திருப்பது லிட்டில் இந்தியாவுக்கு அருகிலுள்ள சிம் லிம் ஸ்குவேர் வாடிக்கையாளர்களின் நெடுநாள் வழக்கம். இப்போது அந்தக் கணக்கு தப்புகிறது.

செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்கின்றன. சிங்கப்பூரில் பெரிய ஆலைகளை நடத்தும் மைக்ரான் நிறுவனமே, பொதுமக்களுக்கான ‘குரூஷியல்’ நினைவக விற்பனையிலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. கிராஃபிக்ஸ் கார்டிலும் நினைவகம் உண்டு. அதன் விலை மட்டும் தப்புமா?

பள்ளிப் பாடம், காணொளி, அலுவலக வேலை ஆகியவற்றுக்குத் தனிக் கார்டு தேவையில்லை. முன்பு மதர்போர்டில் இருந்த கிராஃபிக்ஸ் சில்லு, 2011 வாக்கில் செயலிக்குள்ளேயே இடம்பெயர்ந்துவிட்டது. அதனால், மதர்போர்டில் எச்டிஎம்ஐ இணைப்பு இருப்பதை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. இன்டெல் செயலியின் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் அதில் கிராஃபிக்ஸ் இயங்காது. கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது.

செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ், கணினியின் நினைவகத்தையே பகிர்ந்துகொள்ளும். ஆகவே 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு போடுவது வேகம் தரும்.

முப்பரிமாண வடிவமைப்பு படிக்கும் பிள்ளைக்குக் கார்டு அவசியமாகலாம். அதற்கான இடமுள்ள மதர்போர்டை இப்போது வாங்கினால், கார்டைப் பிறகு சேர்க்கலாம். வசதி குறைந்த குடும்பங்கள், 2023ல் தொடங்கிய ‘டிஜிட்டல்ஆக்சஸ் அட் ஹோம்’ திட்டத்தில் சலுகை விலை மடிக்கணினிக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று முதலில் பார்ப்பது நல்லது.