மிதக்கும் வீடும் மிதக்கும் விடுதியும்

ஆலப்புழைத் துறையில் வரிசையாக நிற்கும் வீட்டுவள்ளங்களைக் காண்பார் பலர், அழிந்த நீர்வாழ்வு மீண்டுவிட்டது என மகிழ்கின்றனர். அம் மகிழ்ச்சியில் பாதியே பொருத்தமுடையது. மீண்டிருப்பது கலத்தின் வடிவம். அக் கலத்தின் தொழிலும் செலவும் மீளவில்லை.

கெட்டுவள்ளம் என மலையாளத்தார் வழங்குவது நம் வாயில் கட்டுவள்ளமே. அது நெல் சுமந்து திரிந்த குட்டநாடோ, கொடுந்தமிழ் நாடுகள் பன்னிரண்டனுள் ஒன்றாகப் பழைய உரையாசிரியர் எண்ணிய நிலம். முசிறியில் பெருங்கலங்கள் தந்த பொன்னைக் கழித்தோணிகள் கரைசேர்த்த செய்தியைப் பரணர் புறநானூற்றின் 343-ஆம் பாட்டில் பொறித்துவைத்தார். ஆகலின், சேரநாட்டு நீர்வழியைப் பற்றிப் பேசுவது தமிழர்க்கு அயல்வீட்டுச் செய்தி பேசுவதாகாது.

அவ் வள்ளத்தின் கட்டுமானம் வியக்கத்தக்கது. அதில் இரும்பாணி ஒன்றேனும் இல்லை. அயினிப் பலகைகளை ஒன்றோடொன்று பொருத்தி, ஓரங்களில் துளையிட்டு, இடையே தேங்காய் நாரைத் திணித்துக் கயிற்றாலேயே தைத்துவிடுவர். தைத்தபின் முந்திரிக் கொட்டையிலிருந்து எடுத்த கரிய நெய்யைப் பூசுவர். (முந்திரி போர்த்துக்கீசியர் கொணர்ந்த மரம், ஆயினும் தச்சன் அதன் நெய்யைத் தனதாக்கிக்கொண்டான். கொள்ளத் தகுவதைக் கொள்ளும் அறிவு அது.) பேணுவார் இருப்பின் இத்தகைய வள்ளம் தலைமுறைகளைக் கடந்தும் உழைக்கும். ஏறத்தாழ 30 தொன் சுமையேற்றி, நீண்ட கழையை ஊன்றியும் பாய்விரித்தும், குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குக் கொண்டுசென்றனர். வள்ளத்தார் அதிலேயே சமைத்துண்டு, அதிலேயே உறங்கினர். சாலைகளும் சரக்குந்துகளும் பெருகியபின் அவ் வள்ளங்கள் கரையொதுங்கின.

1990-களின் தொடக்கத்தில் சிலர் அவற்றின்மேல் மூங்கிலும் பாயும் கொண்டு கூரையமைத்துச் சுற்றுலாக் கலமாக்கினர். அஃது அன்று நற்செயலே; இலதேல் பல வள்ளங்கள் விறகாகியிருக்கும். ஆனால் நாளடைவில் விளைந்தது யாது? குளிரூட்டிய அறை, தீசல் பொறி, நண்பகலில் ஏற்றம், மாலையில் மீனவர் வலைவிரிக்கும் முன் நிறுத்தம், மறுநாட் காலை ஏறிய துறையிலேயே இறக்கம். எவ்வூருக்கும் செல்லாத வள்ளத்தை வள்ளம் என்பதா, நீரில் நிற்கும் விடுதி என்பதா?

தீங்கு பெயரளவில் நிற்கவில்லை. வேம்பநாட்டுக் காயலில் உப்புநீர் வயலிற் புகாமற் காக்கும் தண்ணீர்முக்கம் தடுப்பு 1970-களில் செயற்பாட்டுக்கு வந்தது. அதன் மடைகள் அடைபடும் கோடைத் திங்கள்களில் தென்காயலின் நீர் ஓட்டம் குன்றித் தேங்குகிறது. அத் தேங்குநீரில் நூற்றுக்கணக்கான வள்ளங்களின் எண்ணெயும் கழிவும் கலந்தால் அவை போவதெங்கே? அந்நீரிலேயே குளித்து, அந்நீரிலேயே மீன்பிடித்து வாழும் குடும்பங்களின் வாசலிலன்றோ? சுற்றுலாவின் ஊதியம் ஒருவர்க்கு. அதன் அழுக்கு மற்றொருவர்க்கு.

வேறு வழியுண்டா எனின், உண்டு என இங்கிலாந்து காட்டுகிறது. ஆங்கும் கால்வாய்ப் படகுகளிற் குடும்பமாக வாழ்ந்து சரக்கேற்றியோர் இருந்தனர். இருப்பூர்தியும் சரக்குந்தும் அவர்தம் தொழிலைக் குறைத்தன. தாம் உரோல்ட் என்பார் 1939 முதல் ‘கிரெசி’ என்னும் படகையே வீடாகக் கொண்டு, அக் கால்வாய்ச் செலவை 1944-இல் நூலாக வெளியிட்டார். 1946-இல் அவரும் இராபர்ட்டு ஆயிக்மனும் பிறரும் கூடி நீர்வழிக் காப்புக்கெனக் கழகம் கண்டனர். தூர்ந்த கால்வாய்களைத் தன்னார்வத் தொண்டர் கையாலேயே தோண்டித் திறந்தனர். இன்று ஆயிரக்கணக்கானோர் அங்குப் படகிலேயே குடியிருக்கின்றனர். நிலைத்த துறை இல்லாத படகு ஓரிடத்தில் பொதுவாக 14 நாளுக்குமேல் தங்கலாகாது என 1995-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சென்றுகொண்டே இருப்பதுதான் அதற்கு உரிமை! குடியிருப்போர்க்கு இதனால் இடர்கள் பல. பிள்ளைகளின் பள்ளி அவற்றுள் முதன்மையானது. எனினும் அங்கு மீட்கப்பட்டது வழி. வழி மீண்டபின் படகு தானே வந்தது.

சேரநாட்டிலோ படகைத் தேடியவர்கள் வழியை மறந்தனர். வழி இல்லாமலில்லை. கொல்லம் முதல் கோட்டப்புறம் வரை 168 கி.மீ. நீர்வழியை நடுவணரசு 1993-இலேயே நாட்டு நீர்வழியாக அறிவித்தது. 2016-இல் அது கோழிக்கோடு வரை நீட்டி அறிவிக்கப்பட்டது. அவ் வழிநெடுக வள்ளம் தங்கத் துறைகள் வேண்டும். துறைதோறும் குடிநீரும், கழிவை உறிஞ்சி வாங்கும் தொட்டியும் வேண்டும். ஒரே காயலைச் சுற்றிவரும் வள்ளத்துக்குக் கட்டணம் மிகுதியாகவும், ஊர்விட்டு ஊர் செல்லும் வள்ளத்துக்குக் குறைவாகவும் விதிக்கலாம். கயிற்றால் தைக்கத் தெரிந்த முதிய தச்சர்கள் இருக்கும்போதே, அரசு தன் தொழிற்பள்ளிகளில் அவர்க்கு ஆசிரியர் இருக்கை தருதல் வேண்டும். மற்றவற்றுக்குப் பொருள் வேண்டும். இதற்கு வேண்டுவது ஓர் ஆணை மட்டுமே. ஆண்டு கழியக் கழிய, அவ் இருக்கையில் அமரத்தக்க கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.