பின்னால் வருகிறவருக்கு ஒரு சொல்



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபையின் வாலிபர் ஒருவர் தம் புதிய காருக்காக ஜெபிக்கும்படி அழைத்தார். வேகத்திற்குப் பெயர்பெற்ற வகைக் கார் அது. ஜெபித்து முடித்ததும் ஒரு குறையைச் சொன்னார். “ஐயா, பிரேக்கை அழுத்தி மிதித்தால் நான்கு இண்டிகேட்டர்களும் தாமாகவே மின்னுகின்றன. நான் சுவிட்சைத் தொடுவதே இல்லை. பார்க்கிறவர்கள் எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நினைப்பார்கள். இதை நிறுத்திவிட முடியும் என்கிறார்கள், நிறுத்திவிடட்டுமா?” அன்று “வேண்டாம் தம்பி” என்று மட்டும் சொன்னேன். அதன் காரணத்தை உங்கள் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். கார் இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

சாதாரண பிரேக் விளக்கு ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும்: பிரேக் மிதிக்கப்பட்டிருக்கிறது. மெல்ல மிதித்தீர்களா, முழுப் பலத்தோடு மிதித்தீர்களா என்பதை அது சொல்லாது. அந்தக் குறையை நீக்கவே இந்த அமைப்பு வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் வாகன விதிகளின்படி, 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும் கார் கடுமையாக பிரேக் பிடிக்கும்போது மட்டுமே இந்த அறிகுறி எழ வேண்டும். கடுமையாக என்றால், ஒவ்வொரு நொடியிலும் வேகம் 20 கிலோமீட்டருக்கு மேல் குறைகிற அளவு. அப்போது பிரேக் விளக்குகளோ இண்டிகேட்டர்களோ நொடிக்கு நான்கு முறை வீதம் மின்னும். வழக்கமான இண்டிகேட்டர் நொடிக்கு ஒன்று அல்லது இரண்டு முறைதான் மின்னுகிறது. விலையுயர்ந்த கார்களுக்கே உரியதாயிருந்த இது, இன்று நடுத்தர விலைக் கார்கள் பலவற்றிலும் இருக்கிறது.

செங்கோட்டையிலிருந்து புளியரை எஸ் வளைவை நோக்கிச் செல்லும் சாலையை நினைத்துப் பாருங்கள். முன்னே நல்ல பிரேக் உள்ள கார், பின்னே கேரளத்திற்குப் பாரம் ஏற்றிச் செல்லும் லாரி. இரண்டும் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. நொடிக்கு ஆறு மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் கார் ஏறத்தாழ 23 மீட்டரில் நின்றுவிடும். நொடிக்கு நான்கு மீட்டர் வீதமே குறைக்க இயலும் லாரிக்கு 35 மீட்டர் வேண்டும். லாரி ஓட்டுநர் நிலைமையை உணர்ந்து காலை பிரேக்கில் வைக்க ஒரு நொடி தாமதித்தால் அதற்குள் இன்னும் 17 மீட்டர் ஓடிவிடும். இந்த ஒரு நொடியில் ஒரு பகுதியையாவது மீட்டுக் கொடுக்கவே அந்த விளக்கு மின்னுகிறது. காரின் பிரேக் எவ்வளவுக்குச் சிறந்ததோ, அவ்வளவுக்குப் பின்னால் வருகிறவருக்கு ஆபத்து அதிகம். ஆகையால் வேகமான காருக்கே இது மிகவும் தேவை.

2017 ஜனவரியில் கோவையில் நெடுஞ்சாலையில் ஒரு கார் திடீரென நின்றது. கர்ப்பிணியான மனைவிக்குக் குமட்டல் வந்தது என்பதே ஓட்டுநர் கூறிய காரணம். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பொறியியல் மாணவர் அதில் மோதிச் சாலையில் விழுந்தார், தொடர்ந்து வந்த பேருந்து அவர்மேல் ஏறியது, காலை இழந்தார். 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் காரோட்டியின் பொறுப்பு 50 விழுக்காடு, பேருந்து ஓட்டுநருடையது 30, போதிய இடைவெளி விடாமலும் செல்லத்தக்க உரிமம் இல்லாமலும் வந்த மாணவருடையது 20 என்று தீர்த்தது. நெடுஞ்சாலையில் நிறுத்த நினைப்பவர் பின்னால் வருகிறவர்களுக்கு அறிகுறி காட்டக் கடமைப்பட்டவர் என்பதே அத்தீர்ப்பின் சாரம். மின்னும் விளக்கு இருந்திருந்தால் அம்மாணவரின் கால் தப்பியிருக்கும் என்று நான் சொல்லத் துணியேன். அருகில் இருந்தவரின் துன்பத்தை நினைத்ததிலும் குற்றமில்லை. ஆனால் பின்னால் வருகிறவரும் நம் பொறுப்பில் இருக்கிறார். புதிய வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுவது, யாரோ ஒருவர் அங்கிருந்து விழுந்துவிடாதபடிக்கே அல்லவா?

இனி, நம் எல்லாருடைய குற்றத்திற்கும் வருகிறேன். சாரல் காலத்தில் இலஞ்சி வழியாகக் குற்றாலம் செல்லும் கார்களைக் கவனியுங்கள். மழை சற்று வலுத்தவுடன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹசார்ட் விளக்கைப் போட்டுவிடுகிறோம். நாற்சந்தியில் நேரே போவதற்கும் அதையே போடுகிறவர்கள் உண்டு. நானும் பல ஆண்டுகள் அப்படிச் செய்தவனே. அது எரியும்போது பெரும்பாலான வண்டிகளில் திரும்பும் திசையைக் காட்ட இயலாது. அதைவிடப் பெரிய தீங்கு வேறொன்று. எப்போதும் மின்னிக்கொண்டிருக்கும் விளக்கைப் பின்னால் வருகிறவர் நம்பமாட்டார். நாளை உங்கள் கார் உண்மையாகவே எச்சரிக்கும்போது, ‘இவரும் மழைக்காகத்தான் போட்டிருக்கிறார்’ என்று எண்ணி அவர் வந்துகொண்டேயிருப்பார்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், ஒவ்வொரு வளைவிலும் வேண்டுமென்றே கடுமையாக பிரேக் பிடிக்கிறவர்களுக்கு இந்த மின்னல் தொல்லையாயிருக்கலாம். அங்கே அதை நிறுத்தட்டும். தென்காசிச் சாலையில் வேண்டாம்.

அந்த வாலிபர் நேற்று மாலை அழைத்தார். அந்த அமைப்பை அப்படியே விட்டுவிட்டாராம். மழையில் ஹசார்ட் சுவிட்சுக்குத் தாமாகவே போகும் கையை அடக்குவதுதான் கடினமாயிருக்கிறது என்றார். மழையில் முகப்பு விளக்கைத் தாழ்த்தி எரியவிட்டு, வேகத்தைக் குறைத்து, முன்வண்டிக்கு இடைவெளியை இரட்டிப்பாக்கும்படி சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்லுகிறேன். ஹசார்டைச் சாலையோரத்தில் நின்றபின் போட்டுக்கொள்ளலாம்.