பள்ளத்தூர் வரை ஒரு சுற்று

ரோடு பைக் வாங்கப்போவதாகச் சொன்னதும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "அதுக்கு ஸ்டாண்டு இருக்கா?" இல்லை. கேரியர்? அதுவும் இல்லை. மட்கார்டு, செயின் கவர், பூட்டு, டைனமோ, ஒன்றும் கிடையாது. மணி வேண்டுமானால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். சாமான் குறையக் குறைய விலை ஏறுகிற பொருள் இது ஒன்றாகத்தான் இருக்கும். வட்டிக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கும் ஊர் எங்களுடையது. காரைக்குடியில் இந்தக் கணக்கை யாருக்கும் விளக்கி ஜெயிக்க முடியாது என்பதால் நான் முயலவே இல்லை.

எங்கள் வயதுக்காரர்களுக்கு ரேஸ் சைக்கிள் என்றால் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர்.தான். அதற்கும் முந்தைய கட்டம் வாடகை சைக்கிள். மணிக்கு இவ்வளவு என்று நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்து, குரங்குப் பெடல் போட்டே பழகியவர்கள் நாங்கள். டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். இரவில் விளக்கில்லாமல் போனால் அபராதம். சைக்கிளுக்கு லைசென்ஸ் வில்லை வாங்கிய காலமும் இருந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. அப்படிப்பட்ட ஆள் ஐம்பதை நெருங்கும்போது, வளைந்த ஹேண்டில்பாரும் விரல் தடிமன் டயருமாக ஒரு வண்டியில் கல்லூரிச் சாலையில் போனால், டீக்கடை பெஞ்சில் இருக்கிறவர்கள் கிளாஸைக் கீழே வைக்கத்தான் செய்வார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வண்டியை அளவு பார்த்து வாங்குங்கள், அழகு பார்க்க வேண்டாம். சட்டைக்கு 40, 42 என்பதுபோல இதன் பிரேமுக்கும் 52, 54, 56 என்று அளவு உண்டு. சுமார் ஐந்தடி எட்டு அங்குலம் இருக்கும் எனக்கு 54 சரியாக உட்கார்ந்தது. அளவு தப்பினால் எத்தனை லட்சம் கொடுத்து வாங்கியிருந்தாலும் இருபதாவது கிலோமீட்டரில் கழுத்தும் மணிக்கட்டும் புகார் சொல்லத் தொடங்கிவிடும். பெடல் அடிமட்டத்துக்குப் போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட்டை அதற்கேற்ற உயரத்தில் வையுங்கள். பிறகு அதைத் தொடாதீர்கள். கார்பன் பிரேம், பதினோரு கியர், பன்னிரண்டு கியர் என்று கடைக்காரர் பேசுவதையெல்லாம் காது குளிரக் கேட்டுக்கொள்ளலாம். முதல் வண்டிக்கு அலுமினியமே தாராளம். நான் வாங்கியது மதுரையில் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிய ஒரு பையன் விற்ற பழைய மான்ட்ரா. தூக்கிப் பார்த்தால் பதினோரு கிலோ இருக்கும். தாத்தா காலத்து ஹெர்குலிஸ் இருபதைத் தாண்டும்.

டயர் விஷயத்தில் மட்டும் வெளிநாட்டுப் புத்தியைக் கேட்கக் கூடாது. நம் எதிரி சீமைக்கருவேலம். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமெல்லாம் ஜே.சி.பி. இறங்கி வேரோடு பிடுங்கியது. இன்றைக்குக் கண்மாய்க்கரைகளைப் போய்ப் பாருங்கள், பிடுங்கின சுவடே இல்லை. யாராவது விறகுக்கு வெட்டி மாட்டுவண்டியிலோ டிராக்டரிலோ ஏற்றிப் போனால், ரோட்டோரம் நெடுக முள் உதிர்ந்து கிடக்கும். அங்குல நீளம், ஆணிக்கு நிகரான கூர்மை. 25 மி.மீ. டயர் அதற்குப் பலகாரம். வண்டியின் போர்க்கில் இடம் இருந்தால் 28 அல்லது 32 போட்டுக்கொள்ளுங்கள். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் முதுகும் டியூபும் பிழைக்கும். முள் குத்தினால் உடனே பிடுங்கிவிடாமல், பையில் மாற்று டியூப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல சமயம் அந்த முள்ளே அடைப்பாக நின்று ஊர்வரை கொண்டுவந்து சேர்த்துவிடும்.

டியூபைப் பற்றிச் சொல்லும்போது வால்வையும் சொல்ல வேண்டும். இந்த வண்டிகளுக்கு வருவது பிரெஸ்டா வால்வு. மெலிசாக, நுனியில் ஒரு குட்டித் திருகோடு இருக்கும். முதல் தடவை நான் போனபோது எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "என்னண்ணே, ஊசி மாதிரி இருக்கு? காத்து எது வழியாப் போகும்?" மதுரையிலிருந்து கொண்டுவந்த பித்தளை அடாப்டர் ஒன்றை வால்வின் தலையில் திருகிக் காட்டியதும் பம்பை மாட்டி அடித்தார். நாற்பது பவுண்டுக்கு மேல் அடிக்க அவருக்கு மனசு வரவில்லை, வெடித்துவிடும் என்று பயம். எண்பது வேண்டும் என்றதும் பம்பை என் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்கு உள்ளே போய் நின்றுகொண்டார். ஆனால் பின்சக்கரம் லேசாகக் கோணியபோது ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகச் சுண்டி, சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து நேர்செய்ததும் அவர்தான். பெரிய ஊர் ஷோரூமில் இதற்கு ஒரு மேடை, ஒரு அளவுகோல், ஒரு பில் எல்லாம் உண்டு.

சனி, ஞாயிறு காலைகளில் என் வழக்கமான சுற்று கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், அப்படியே ஆத்தங்குடி பக்கம் இறங்கித் திரும்புவது. பள்ளத்தூரில் ஒரு நிமிடம் நிற்பேன், காரணம் இருக்கிறது. அந்த ஊர் ஏ.எம். முருகப்ப செட்டியார் 1900-இல் பர்மாவின் மோல்மீனில் லேவாதேவி தொடங்கியவர். 1930-களிலேயே பர்மாவில் இருந்த முதலை மெல்ல மெல்ல இந்தப் பக்கம் திருப்பிவிட்டது அந்தக் குடும்பம். 1942-இல் ஜப்பான்காரன் உள்ளே வந்தபோது மற்றவர்கள் நிலத்தையும் வீட்டையும் போட்டது போட்டபடி விட்டு ஓடிவர வேண்டியிருந்தது. 1949-இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து முருகப்பா குடும்பம் சென்னையில் தொடங்கியதுதான் டி.ஐ. சைக்கிள்ஸ். அம்பத்தூர்த் தொழிற்சாலை, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் அதன் வழி வந்தவை. நான் ஓட்டும் மான்ட்ராவும் அவர்கள் தயாரிப்பே. இப்போது அந்தப் பெயரை மின்சார ஆட்டோவுக்கும் வைத்துவிட்டார்கள்.

ஆகவே, "இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, நம்ம ஊருக்கு எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு நான் பள்ளத்தூரைத்தான் கைகாட்டுவேன். தமிழ்நாட்டின் பாதி ஜனம் ஏறி மிதித்த சைக்கிளுக்கு முதல் போட்ட ஊர் அது. அங்கிருந்து கிளம்பிய காசு உலகத்தைச் சுற்றி, வளைந்த ஹேண்டில்பாரோடு அதே தெருவுக்குத் திரும்பி வந்திருக்கிறது. இதில் எனக்கு ஒரு அற்பப் பெருமையும் உண்டு.

செட்டிநாடு சைக்கிளுக்கென்றே போட்டுவைத்த பூமி. சமதரை. ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு ஊருணி, ஊருணிக்கரையில் ஒரு டீக்கடை. தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். வீடுகளோ முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும். கானாடுகாத்தானில் அந்த நெடுஞ்சுவர்களை ஒட்டி ஓட்டும்போது சக்கரத்தின் ஓசை சுவரில் பட்டுத் திரும்பி, பின்னால் இன்னொருவர் வருகிற மாதிரியே கேட்கும். முக்கால்வாசி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. வாசல் தெளித்துக் கோலம் போடக் காவல்கார அம்மா ஒருவர் மட்டும் இருப்பார். ஆத்தங்குடிக்குப் போய்ச் சேரும்போது கல் பட்டறைகளில் வேலை தொடங்கியிருக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைப்பார்கள். சூளையே கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுப்பது. வரிசையாக நிறுத்தியிருக்கும் ஈரக் கல்லைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடிக்கலாம். காரில் போனால் இங்கே இறங்கத் தோன்றாது.

பயிற்சி என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோமே, அதற்கும் வருகிறேன். இந்தப் பக்கம் ஏற்றம் என்று உண்டென்றால் மேம்பாலம்தான். குன்றக்குடி மலைக்கும் படிக்கட்டு, சைக்கிளுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் ஆனியும் ஆடியும் வந்துவிட்டால் மேல்காற்று மலையின் வேலையைப் பார்த்துக்கொள்ளும். வெட்டவெளிக் கண்மாய்க்கரையில் மேற்குப் பார்த்து ஓட்டிப்பாருங்கள். சாதாரண நாளில் மணிக்கு 25 போகிறவர் 17-க்கு இறங்கிவிடுவார், தொடை எரியும். அப்போதுதான் ஆள் பின்னால் ஆள் ஒட்டிப் போகும் வித்தையின் அருமை தெரியும். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொடுப்பார், பின்னால் வருகிறவருக்கு உழைப்பு கணிசமாகக் குறையும். சில நிமிடத்துக்கு ஒருமுறை முறை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும் ஒரு பேங்க்காரர் எங்கள் குழுவில் உண்டு. வட்டி வாங்கியே பழகியவர் என்று விட்டுவிட்டோம். பங்குனி, சித்திரையில் எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். அதற்குமேல் தார் ரோடே அடுப்பு. பையில் வெளிநாட்டு ஜெல் எதுவும் தேவையில்லை. ஒரு வாழைப்பழமும் இரண்டு கடலை மிட்டாயும் அறுபது கிலோமீட்டருக்குத் தாங்கும். வழியில் பதநீர் கிடைக்கிற பருவமென்றால் அதை விட்டுவிட்டு வருகிறவன் சைக்கிள் ஓட்டவே லாயக்கில்லாதவன்.

நாய்களுக்குப் பயப்படுகிறவர்கள் நிறைய. விரட்டினால் வேகத்தைக் கூட்டாமல் இறங்கி, வண்டியை நடுவில் நிறுத்திக்கொண்டு "சீ, போ" என்று சொன்னால் போதும். இதுவரை போயிருக்கின்றன.

திருமயம் சாலையில் போனால் கொஞ்ச தூரத்தில் புதுக்கோட்டை மாவட்டம் வந்துவிடும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த மாவட்டம். எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் கையோடு சைக்கிளும் கற்றார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பலர் பழகினார்கள். குழந்தையை உட்காரவைக்க அந்தப் பார் வசதியாகவும் போயிற்று. கேலி பேசியவர்களுக்கும் பஞ்சமில்லை. டிரவுசரும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு போகும் எங்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வராததற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பெண்கள் வாங்கிக்கட்டிக்கொண்டதன் பக்கத்தில் இது தூசு.

அந்தச் சாலையில்தான் ஒரு திங்கட்கிழமை, அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளையைத் தாண்டினேன். தாண்டினேன் என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் கிறீச் கிறீச் என்று செயின் சத்தம் விடாமல் வந்தது. திரும்பிப் பார்த்தால், முதுகில் புத்தகப் பை, பின் குத்திய துப்பட்டா, கேரியரில் சாப்பாட்டுக் கூடை, ஒற்றைக் கியர். என் சக்கரத்தை ஒட்டி, காற்றுக்கு மறைவாக, சரியான இடத்தில் வந்துகொண்டிருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பள்ளி வாசல் வந்ததும், "தேங்க்ஸ் மாமா, இன்னிக்கு லேட்டு" என்று ஒடித்துத் திரும்பிவிட்டது. அன்றைக்கு நான் பார்த்த சராசரி வேகத்துக்குப் பாதிக் காரணம் அந்தப் பிள்ளைதான்.

இப்போது எங்கள் கூட்டத்தில் ஒரு சர்ச்சை ஓடிக்கொண்டிருக்கிறது. பிரெவே என்று நெடுந்தூர ஓட்டங்கள் உண்டு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடித்தால் சான்றிதழ் தருவார்கள். சென்னைக்குப் போய் அதில் ஓட வேண்டும் என்பது இளைஞர்கள் கட்சி. முதலில் நம் நகரக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டுங்கள் என்பது என் கட்சி. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி, சூரக்குடி, வேலங்குடி. தூரம் பெரிதில்லை, பிரெவேக்குப் பாதிகூட வராது. ஆனால் மதியம் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பதின்மூன்றரை மணி நேர அவகாசமெல்லாம் குருக்களிடம் செல்லாது. நடுவில் 1927-இல் காந்தி வந்து ஜீவாவைப் பார்த்த சிராவயலில் வேறு ஒரு பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்று எங்கள் தமிழாசிரியர் அடம்பிடிக்கிறார்.

வரிசையில் முதல் கோயில் இளையாத்தங்குடி, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அது வடமேற்கே இருக்கிறது. ஆடியில் போனால் விடிகாலையில், காற்று கிளம்பு முன், எதிர்த்திசையை முடித்துவிட்டு மற்றதையெல்லாம் முதுகில் காற்றோடு பார்த்துவரலாம். சாஸ்திரமும் காற்றும் ஒத்துப்போகிற இடம் இது ஒன்றுதான் என்பதால் அந்த ஏற்பாடு முடிவாகிவிட்டது. காலை ஐந்துக்குக் கிளம்புகிறோம். பேங்க்காரர் இந்தத் தடவை முன்னால் போக வேண்டும் என்பதும் தீர்மானத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது.