இப்னு நபீஸைப் பகிர்ந்தது போதும், அவரைப் போல் கேட்கப் பழகுவோம்

"ஹார்விக்கு முன்பே குருதிச் சுற்றோட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம் விஞ்ஞானி!" என்ற பதிவு வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது நமது வட்ஸ்அப் குழுமங்களைச் சுற்றி வருகிறது. கீழே வரிசையாக மாஷா அல்லாஹ். அத்தோடு கதை முடிந்தது. அவர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று யாரும் கேட்பதில்லை.

விஞ்ஞான பாடம் படிப்பிக்கும் நாங்கள் அதைக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அக்காலத்தில் மருத்துவ உலகம் முழுவதும் கேலனின் கருத்தையே நம்பியிருந்தது. இதயத்தின் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் இடையிலுள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவற்றினூடாகவே குருதி கடக்கிறது என்பது அவரது கருத்து. இப்னு சீனாவின் 'கானூன்' நூலும் அதே வழியில்தான் சென்றது. ஆயிரம் வருடத்துக்கு மேல் அதை யாரும் அசைக்கவில்லை.

டமஸ்கஸில் மருத்துவம் கற்று கெய்ரோவில் பணிபுரிந்தவர் இப்னு நபீஸ். ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹும் கற்பித்தவர். இப்னு சீனாவின் நூலுக்கு விளக்கவுரை எழுதும்போது அவர் துணிந்து எழுதினார்: அந்தச் சுவர் தடிப்பானது, அதில் துளையே இல்லை. குருதி வலது இதயவறையிலிருந்து நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றுடன் கலந்து, பிறகுதான் இடப்பக்கம் வருகிறது. நுரையீரலில் நாடிக்கும் நாளத்துக்கும் இடையே நுண்ணிய வழிகள் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். இது 1242 அளவில்.

கவனியுங்கள். இப்னு சீனாவை மதித்ததால்தான் அவரது நூலுக்கு உரை எழுதினார். மதித்துக்கொண்டே "இது பிழை" என்றும் எழுதினார். மரியாதையும் கேள்வியும் ஒரே மனிதரிடம் ஒன்றாக இருந்தன.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவர் விளக்கியது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இடையிலான ஓட்டத்தை மட்டுமே. முழு உடலினதும் சுற்றோட்டத்தை 1628 இல் நிறுவியவர் வில்லியம் ஹார்விதான். ஒரு துடிப்பில் எவ்வளவு குருதி வெளியேறுகிறது, அரை மணித்தியாலத்தில் எத்தனை துடிப்பு என்று பெருக்கிப் பார்த்தார். உண்ணும் உணவிலிருந்து அவ்வளவு குருதி உருவாகவே முடியாது, ஆகவே அதே குருதிதான் சுற்றி வருகிறது என்றார். நம்மவரை உயர்த்த ஹார்வியைத் தாழ்த்தத் தேவையில்லை.

இப்னு நபீஸ் சொன்ன அந்த நுண்ணிய வழிகளை 1661 இல் தவளையின் நுரையீரலில் மல்பிகி நுணுக்குக்காட்டியால் கண்டார். நாங்கள் மயிர்க்குழாய் என்று படிப்பிப்பது அதைத்தான். இடையில் 400 வருடத்துக்கு மேல்!

கதை அங்கும் நிற்கவில்லை. செங்குழியத்தின் விட்டம் ஏறத்தாழ 8 மைக்ரோமீற்றர். சில மயிர்க்குழாய்கள் அதைவிட ஒடுக்கம். எப்படிப் போகிறது? கருவில்லாத, நடுவில் குழிந்த அந்தக் கலம் வளைந்து மடிந்து ஒவ்வொன்றாக நுழைந்து போகிறது. 1931 இல் சுவீடனைச் சேர்ந்த பாரியஸ், லிண்ட்க்விஸ்ட் இருவரும் ஒரு விசித்திரத்தைக் காட்டினார்கள். 0.3 மில்லிமீற்றரிலும் ஒடுங்கிய குழாய்களில், குழாய் ஒடுங்க ஒடுங்கக் குருதியின் பிசுக்குமை குறைகிறது. செங்குழியங்கள் நடுவே கூடி ஓட, ஓரத்தில் திரவவிழையம் வழுக்கிக் கொடுக்கிறது. ஒரு கேள்வி இன்னொரு கேள்வியைப் பெற்றுக்கொண்டே வந்திருக்கிறது.

நமது வகுப்பறைகளில் என்ன நடக்கிறது? இதயத்தின் படம், பெயரிடுக, நான்கு புள்ளி. "குழாயை விடக் கலம் பெரிசென்றால் எப்படி சேர் போகும்?" என்று கேட்கும் பிள்ளைக்குப் பல இடங்களில் கிடைக்கும் பதில், "அது பேப்பருக்கு வராது மகன்." அந்தப் பிள்ளை இனிக் கேட்காது. இப்னு நபீஸின் வாரிசு அந்த இடத்திலேயே வாயடைத்துப் போகிறது.

வசதி இல்லை என்று சொல்வோம். உண்மைதான், பல பாடசாலைகளில் ஆய்வுகூடம் பெயருக்குத்தான். ஆனால் ஒரே ஒரு நுணுக்குக்காட்டி இருந்தால் போதும். சிறிய கப்பி மீனொன்றை ஈரப்பஞ்சால் போர்த்தி, வால்செட்டையை ஓரிரு நிமிடம் பார்க்கலாம். செங்குழியங்கள் வரிசையாக ஓடுவது தெரியும். பிறகு மீனைத் தண்ணீரில் விட்டுவிடலாம். அதைப் பார்த்த பிள்ளை சுற்றோட்டத்தை மறக்காது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "இன்று எத்தனை மார்க்ஸ்?" என்று கேட்பதோடு, "இன்று டீச்சரிடம் என்ன கேட்டாய்?" என்றும் கேளுங்கள்.

அடுத்த முறை அந்தப் பதிவு வந்தால் தாராளமாகப் பகிருங்கள். கூடவே ஒரு வரி சேருங்கள்: அவர் கேள்வி கேட்டவர். நமது பிள்ளைகளைக் கேட்க விடுவோம்.